முதலில் காற்று, அப்புறம்தான் பிரஷ்!

தமிழ்நாட்டில் 'ஆத்தூர்' என்று சொன்னால் உடனே, "எந்த ஆத்தூர்?" என்பார்கள். தூத்துக்குடிக்காரருக்கு அது வெற்றிலை ஆத்தூர் (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை, சும்மா இல்லை). திண்டுக்கல்காரருக்கு அவர் ஜில்லா ஆத்தூர். நான் குப்பை கொட்டுவது சேலத்துக்குக் கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில், வசிஷ்ட நதிக்கரையில் உள்ள ஆத்தூர். கெட்டி முதலி காலத்துக் கோட்டை, சுற்றிலும் மரவள்ளிக் காடு, அந்தக் கிழங்கை அரைத்து, உருட்டி, வறுத்துக் காயப்போடும் ஜவ்வரிசி ஆலைகள். சேலம் ஜவ்வரிசிக்கும் அதே 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக, வெற்றிலையும் பாயசமும் ஒரே வருஷத்தில் பாஸ்!

இந்த ஊரில் போர்வெல் மோட்டார் கிடைக்கும். டிராக்டர் உதிரி பாகம் கிடைக்கும். 'ஏர்பிரஷ்' கேட்டுப் பாருங்கள்.

"ஏர்பிரஷ் இருக்குங்களா?"

கடைக்காரர் யோசித்தார். "தலை வார்றதுங்களா, பல்லு வெளக்கறதுங்களா?"

"பெயிண்ட் அடிக்கறதுங்க."

"எதுக்கு அடிக்கோணும்?"

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து மூன்று அங்குலம் காட்டினேன். "இத்தனூண்டு லாரிக்குங்க."

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "பருத்திக்கு மருந்தடிக்கற ஸ்ப்ரேயர் இருக்குது. பதினாறு லிட்டரு. முதுகுல மாட்டிக்கலாம். எடுக்கட்டுங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது வயதைத் தாண்டிய ஒருவன் பொம்மை லாரிக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்றால் ஊர் கொஞ்சம் மேலும் கீழும்தான் பார்க்கும். ஆனால் ஸார், ஆபீஸ் போகிற ஆண் பிள்ளைகளில் எத்தனை பேர் மேஜை டிராயருக்குள் ஒரு குட்டிக் கார் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 1953-ல் இங்கிலாந்தில் 'மேட்ச்பாக்ஸ்' வந்தது. 1968-ல் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி பதினாறு மாடல்களுடன் 'ஹாட்வீல்ஸ்' ஆரம்பித்தது. நிஜ வண்டியை அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிய துத்தநாகக் கலவை உலோகக் கார்கள். இன்றைக்கு நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரிலேயே அட்டையோடு தொங்குகின்றன.

சேர்க்கிற ஜாதி ஒன்று. சேர்த்ததைப் பிரித்து, பெயிண்டை உரித்து, தன் இஷ்டத்துக்கு வேறு கலர் அடிக்கிற ஜாதி இன்னொன்று. நான் இரண்டாவது. முதல் ஜாதிக்கு ஒரு எச்சரிக்கை: பழைய ஒரிஜினல் உருப்படி கையில் இருந்தால், உதாரணமாக 1968 முதல் 1977 வரை டயரில் சிவப்புக் கோட்டோடு வந்த ஹாட்வீல்ஸ், தயவுசெய்து பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். சேர்ப்பவர்கள் பணம் கொடுப்பது அந்த ஒரிஜினல் பெயிண்டுக்குத்தான். எவ்வளவு அழகாக அடித்தாலும் விலை இறங்கும். சக்கரம் ஆடுகிற, பெயிண்ட் உதிர்ந்த அநாதை வண்டிகள்தான் நமக்குச் சரி.

என் மனசில் இருந்தது ஒரு குட்டி லாரி. அதை நாமக்கல் லாரி மாதிரி ஆக்க வேண்டும். பழுப்பு மஞ்சள் கேபின், பச்சை பார்டர், பின்னால் நிழல் விழும் எழுத்து. சாதாரணத் தூரிகையில் அடித்தால் மூன்று அங்குல வண்டியில் தூரிகை போன தடம், வயலில் ஏர் ஓட்டிய மாதிரி தெரியும். அதற்குத்தான் ஏர்பிரஷ்.

அது ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. தடித்த இங்க் பேனா சைஸில் ஓர் உலோகக் குழல். உள்ளே நீண்ட ஊசி. முனையில் மயிரிழைத் துளை. காற்று வேகமாக வெளியே பாயும்போது துளை வாயில் அழுத்தம் குறைந்து, பெயிண்ட் உறிஞ்சப்பட்டு, பொடித் துளிகளாகப் பறக்கும். சென்ட் பாட்டில் தத்துவம்தான். 1879-ல் அமெரிக்காவில் அப்னர் பீலர் என்பவர் இதற்கு ஒரு முன்னோடிக் கருவி செய்தார். 1893-ல் சார்லஸ் பர்டிக் கொண்டுவந்த பேனா வடிவம்தான் இன்றைய ஏர்பிரஷ்களின் தாத்தா. போட்டோ ரீடச் பண்ணப் பயன்பட்டது, இப்போது கேக் மேல் ரோஜா வரையவும் கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடவும் நகத்தில் பூப் போடவும் ஓடுகிறது.

இதில் எதை வாங்குவது என்று புரட்டிப் பார்த்தால் தலை சுற்றும். சிங்கிள் ஆக்‌ஷனா, டபுள் ஆக்‌ஷனா? மேலே கிண்ணமா, கீழே பாட்டிலா? துளை 0.2 மில்லிமீட்டரா, 0.3-ஆ, 0.5-ஆ? ஜப்பான் இவாட்டாவா, அமெரிக்க பாஷேவா, ஜெர்மனி ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக்கா, பெயரே இல்லாத சீனச் சரக்கா?

பி.காம் படித்தவனுக்கு டெபிட் கிரெடிட் தெரியும், பெயிண்ட் தெரியாது. பெயிண்ட் தெரிந்தவர்கள் இருக்கும் ஊருக்கே போய்விடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். நாமக்கல்!

ஆத்தூரிலிருந்து ராசிபுரம் போகும் ரோடு, பஸ் ஜன்னலோரம் கிடைத்தால், டிக்கெட் காசுக்கு மேலேயே லாபம். மல்லியகரை தாண்டியதும் மலைகள் நெருங்கி வரும். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் போதமலை. நடுவில் மெட்டாலா, அடுத்து மஞ்சள் வாசனையோடு நாமகிரிப்பேட்டை. நாகஸ்வரம் கிருஷ்ணனின் மண். ராசிபுரத்தில் பஸ் மாற வேண்டும். நெய்க்குப் பேர் போன ஊர். ஆர்.கே. நாராயணன், ஆர்.கே. லக்ஷ்மண் இரண்டு பேரின் இனிஷியலிலும் முதலில் நிற்கும் 'ஆர்' இந்த ராசிபுரம்தான். அப்புறம் நாலு வழிச் சாலை, புதுச்சத்திரம், புதன்சந்தை, நாமக்கல்.

நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆனது. கோட்டை, ஆஞ்சநேயர், முட்டை என்று அதற்கு அடையாளங்கள் பல. நான் போனது பாடி கட்டும் பட்டறைக்கு. லாரி, கம்பெனியிலிருந்து வரும்போது முழு லாரியாக வராது. இன்ஜினும் சேஸிஸுமாக, சட்டை போடாத பையன் மாதிரி வந்து நிற்கும். அதற்கு மரமும் தகடும் வைத்து உடம்பு கட்டி, டிங்கரிங் பண்ணி, பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து, கலர் கொடுத்து, பொட்டு வைத்து அனுப்புவது இந்தப் பட்டறைகள்தான்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்ததால் பெயிண்டர் அண்ணன் ஒருவர் டீ நேரத்தில் எனக்காக உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். லுங்கியில் நாமக்கல் வழியாகப் போன எல்லா லாரிகளின் கலரும் இருந்தது. பையிலிருந்து என் குட்டி லாரியை எடுத்து நீட்டினேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவு இடுக்கில் நகத்தால் சுரண்டினார்.

"இதை யாருங்க தம்பி வெச்சுக்கப் போறது? ஷோகேஸா, கொழந்தையா?"

எந்தப் புத்தகமும் இதை முதல் கேள்வியாகக் கேட்டதில்லை. "ஷோகேஸ்தானுங்க. ஆனா அக்கா பையன் ரெண்டு வயசு. கிடைச்சதை எல்லாம் வாயில வெப்பான்" என்றேன்.

"அப்ப எங்க பெயிண்ட் வேண்டாம்" என்றார், பட்டென்று.

அவர் சொன்னதன் பின்னால் சட்டமே இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு பெயிண்டுகளுக்கு ஈயம் கலந்த நிறமி போடுவது நெடுநாள் வழக்கம். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் சரக்கு. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி போட்டு, 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. ஆனால் அந்த விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயிண்டுக்குத்தான்; தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இல்லை. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் நீங்கள் வீட்டில் மறு பெயிண்ட் அடித்த நிமிஷமே அந்த முத்திரைக்கு அர்த்தம் போய்விடுகிறது. கம்பெனி பெயிண்டைத்தான் சோதித்தார்கள். உங்கள் பெயிண்டை அல்ல!

ஆகவே பாடம் ஒன்று: குழந்தை கைபடும் பொம்மைக்கு, குழந்தைகள் பொம்மைக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும் தண்ணீர்க் கலவை அக்ரிலிக்தான். மற்றவை கண்ணாடிக் கதவுக்கு உள்ளே. பழைய பொம்மையின் பெயிண்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள். வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியில் ஒற்றி எடுங்கள்.

அடுத்து என் சந்தேகப் பட்டியலைப் பிரித்தேன். 0.2-ஆ, 0.3-ஆ என்று ஆரம்பித்ததும் அண்ணன் கையை அமர்த்தினார்.

"கன்னு எதுவா வேணா இருக்கட்டும் தம்பி. காத்துக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"சின்னதா பேட்டரியில ஓடற கம்ப்ரஸர் ஒண்ணு வருதுங்க. பிரஷ்ஷுக்கு அடியிலயே மாட்டிக்கலாம்."

"டேங்க் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"டேங்க் இல்லாத கம்ப்ரஸருக்கு மேல்மூச்சு வாங்கும். அது மூச்சு வாங்கறது பெயிண்டுல தெரியும்." எழுந்து போய்ப் பட்டறை கம்ப்ரஸரின் அடியில் இருந்த திருகைத் திறந்தார். 'புஸ்'ஸென்று காற்றோடு துருக்கலர் தண்ணீர் வடிந்தது. "பாத்தீங்களா? காத்தை அமுக்குனா தண்ணி வரும். இது கன்னுக்குள்ள போச்சுன்னா வண்டி மேல அம்மை போட்ட மாதிரி ஆயிரும்."

பாடம் இரண்டு: ஏர்பிரஷ் வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பிரஷ்ஷைப் பற்றியே கவலைப்படுகிறோம். கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி. குட்டி ஏர்பிரஷ்ஷுக்கு லாரிப் பட்டறை கம்ப்ரஸர் வேண்டாம். 15 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், கார் டயருக்கு அடிப்பதே முப்பது சொச்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் காற்று துடிக்காமல், ஒரே சீராக வர வேண்டும். அதற்கு மூன்று லிட்டர் டேங்க் வைத்த சின்ன கம்ப்ரஸர், அழுத்தம் குறைத்துக் கூட்ட ஒரு ரெகுலேட்டர், தண்ணீரைப் பிடிக்க ஒரு வடிகட்டிக் கிண்ணம், இந்த மூன்றும் அவசியம். பேட்டரி மாடல் பஸ்ஸில் தூக்கிப் போக நன்றாக இருக்கும். முதல் கருவியாக வேண்டாம்.

"பெயிண்ட் எவ்வளவு தண்ணியா இருக்கோணும்ணா?"

"பால் பதம்."

"எந்தப் பால்?"

"தண்ணி ஊத்தாத பாலு."

நான் எங்கே போவேன்! இருந்தாலும் புரிந்தது. கலக்கிய கிண்ணத்தின் சுவரில் பெயிண்டை ஏற்றிவிட்டால், மெல்லிய படலம் விட்டுவிட்டு வழுக்கி இறங்க வேண்டும். கட்டியாக நின்றால் இன்னும் கொஞ்சம் தின்னர். தடமே இல்லாமல் ஓடினால் கூடிப் போச்சு.

பிறகு பட்டறையில் நின்றிருந்த ஒரு பதினாறு சக்கர வண்டியின் கேபினுக்கு அவர் கலர் அடித்ததைப் பார்த்தேன். கை கேபினுக்கு வெளியிலேயே ஓட ஆரம்பிக்கிறது. அப்புறம்தான் விசையை அழுத்துகிறார். மறு பக்கம் கேபினைத் தாண்டி வெளியே போன பிறகுதான் கை நிற்கிறது. வண்டி மேல் ஓர் இடத்திலும் நிற்பதில்லை. நின்றால் பெயிண்ட் தேங்கி ஒழுகும். ஒரே கோட்டில் மூடிவிடும் அவசரமும் இல்லை. முதல் கோட் அடித்தால் அடியில் இருக்கும் பிரைமர் தெரிகிறது. தெரியட்டும் என்கிறார். இரண்டு, மூன்று மெல்லிய கோட்டில்தான் கலர் பிடிக்கிறது. அறுபத்து நான்கில் ஒரு பங்கு லாரிக்கும் இதே சூத்திரம்தான்.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆத்தூரிலிருந்து சேலம் போகும் ரோட்டில் புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன் நிற்கிறார். 146 அடி. 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் ஆனது. மலேசியா பத்துமலை முருகனைவிட ஆறு அடி உயரம். என் மூன்று அங்குல லாரியைப் போல 584 மடங்கு. (பி.காம் ஸார், கணக்கு சரியாக இருக்கும்.) முருகனுக்கு எந்தக் கருவி, லாரிக்கு எந்தக் கருவி, குட்டி லாரிக்கு எந்தக் கருவி என்று அளவு பார்த்துத்தான் துளையைத் தீர்மானிக்க வேண்டும். அண்ணனின் ஸ்ப்ரே கன் துளை ஒன்றரை மில்லிமீட்டர் வாக்கில். குட்டிக் கார்களுக்கு 0.3 சரி. பிரைமரும் மினுமினு மெட்டாலிக்கும் மட்டுமே நிறைய அடிப்பீர்கள் என்றால் 0.5. கண்ணுக்குப் புருவம் வரைகிற கை வந்த பிறகு 0.2 பற்றி யோசிக்கலாம். அதுவரை அது அடைத்துக்கொண்டு அழ வைக்கும்.

டபுள் ஆக்‌ஷனில் விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். சிங்கிளில் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து வரும். டபுள் பழக ஒரு வாரம் செய்தித்தாளில் கோடு கிழிக்க வேண்டும். பழகிவிட்டால் சிங்கிள் பக்கம் போக மாட்டீர்கள். கிண்ணம் மேலே இருப்பதே நல்லது. பத்துச் சொட்டுப் பெயிண்டிலும் வேலை நடக்கும், கழுவுவதும் சுலபம்.

பிராண்டு? இதற்கும் அண்ணனிடம் ஒரு வரி பதில்தான் இருந்தது. "ஊசி வளைஞ்சா வேற ஊசி கிடைக்குதான்னு பாருங்க." உண்மை. இந்த ஊசி ஒரு தடவை தரையில் விழுந்தாலே மூக்கு வளையும். முனைத் துளை, ரப்பர் வளையம் எல்லாம் தேயும். உதிரி பாகம் கிடைக்கும் சாதாரணப் பிரஷ், கிடைக்காத உசத்திப் பிரஷ்ஷைவிட மேல். வாங்கும்போதே ஓர் ஊசியும் ஒரு முனையும் கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

எங்கள் வெயிலுக்கென்று ஒரு குறிப்பு. சித்திரை மத்தியானத்தில் அக்ரிலிக் பெயிண்ட் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். விடியற்காலை ஆறு மணிக்கு அடியுங்கள். காய்வதைத் தாமதிக்கும் திரவம் ஒரு சொட்டு சேருங்கள். அடித்த வண்டியைப் பழைய டிபன் டப்பாவைக் கவிழ்த்து மூடி வையுங்கள். ஆத்தூர்க் காற்றில் கிழங்கு மாவு முதல் செம்மண் வரை எல்லாம் உண்டு; எதற்கும் ஈரப் பெயிண்ட் என்றால் பிரியம்.

அண்ணன் இதையெல்லாம் சொல்லும்போது நடுநடுவே இருமினார். வறட்டு இருமல். டீயைக் கீழே வைத்துவிட்டு இருமி முடித்துத் தொடர்ந்தார். ஸ்ப்ரே அடிக்கும்போது மூக்கில் ஒரு துண்டு மட்டும் கட்டியிருந்தார். வேலை முடிந்து அவிழ்த்தபோது அந்தத் துண்டின் உள் பக்கமும் மஞ்சளாக இருந்தது.

"எத்தனை வருஷமாங்ணா?"

"முப்பத்திரண்டு." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க மொதல்ல மூஞ்சிக்கு வாங்குங்க தம்பி. அப்புறம் கன்னு வாங்குங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் பாடம் மூன்று. மற்ற இரண்டுக்கும் முன்னால் வர வேண்டியது. கண்ணுக்குத் தெரிகிற துளி பொம்மை மேல் உட்காருகிறது; தெரியாத துளி உங்கள் நெஞ்சில் உட்காருகிறது. துணியும் கொரோனா காலத்து நீல மாஸ்க்கும் தின்னர் ஆவியை நிறுத்தாது. இரண்டு பக்கமும் மாற்றக்கூடிய வடிகட்டி வைத்த, ரசாயன ஆவிக்கென்றே உள்ள ரப்பர் முகமூடி வேண்டும். வாசனை உள்ளே வர ஆரம்பித்தால் வடிகட்டி தீர்ந்தது என்று அர்த்தம். கடினமாக்கி கலந்து அடிக்கிற டூ-கே பளபளப்பு வார்னிஷில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவைக் கொண்டுவரும், அதற்கு வாசனை எச்சரிக்கைகூடக் கிடையாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும் அதற்கு. வீட்டு மொட்டை மாடியில் அதைத் தொடவே தொடாதீர்கள். தண்ணீர்க் கலவை அக்ரிலிக்குக்கும் மாஸ்க் உண்டு. ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் என் ஐந்தொகையைப் போட்டேன். முதல் வரி முகமூடி. இரண்டாவது, டேங்க் வைத்த கம்ப்ரஸர், ரெகுலேட்டர், தண்ணீர் வடிகட்டி. மூன்றாவது, 0.3 டபுள் ஆக்‌ஷன், மேல் கிண்ணம். நான்காவது, கழுவுகிற சாமான், உதிரி ஊசி. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் காற்றுக்கே போய்விட்டது. போகட்டும். அடுத்த பிரஷ் வாங்கும்போதும் காற்று அதே காற்றுதான். பிரஷ் மாறும், கம்ப்ரஸர் மாறாது.

வருஷத்துக்கு இரண்டு வண்டிதான், அதுவும் ஒரே கலர் என்றால், இதெல்லாம் வேண்டாம் ஸார். நல்ல ஸ்ப்ரே டப்பா இரண்டு வாங்கி மொட்டை மாடியில் முடித்துக்கொள்ளுங்கள் (முகமூடி அதற்கும் உண்டு). மாதம் நாலு வண்டி, நிழல் எழுத்து, இரண்டு கலர் ஒன்றில் ஒன்று கரைவது இதெல்லாம் வேண்டும் என்பவருக்குத்தான் இந்தச் செலவு நியாயம். வீட்டில் அனுமதி வாங்க ஒரு வழி: நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைகளுக்கு டச்சப் பண்ணித் தருவதாக அம்மாவிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பட்ஜெட் விவாதமே இல்லாமல் பாஸானது.

முகமூடி மட்டும் இரண்டாக வாங்கினேன். ஒன்றை, மாற்று வடிகட்டிகளோடு, நாமக்கல் போகும் தெரிந்த டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அண்ணன் போன் பண்ணினார்.

"தம்பி, நீங்க குடுத்ததை மாட்டிட்டு அடிச்சேன். பெயிண்ட் வாசமே வரலீங்க. கன்னு அடைச்சுக்கிச்சோன்னு நெனச்சு ரெண்டு தடவை கழட்டிப் பாத்துட்டேன்!"